மரத்துப்போகும் கைகால்: மார்பகப் புற்றுநோய் மருந்தும் நரம்புப் பாதுகாப்பும்

அலிபிரியில் தொடங்கித் திருமலை வரை செல்லும் நடைவழியில் 3,550 படிகள் உள்ளன. வேண்டுதல் செய்துகொண்டவர்கள் செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, வெறுங்காலுடன் அப்படிகளை ஏறுவது வழக்கம். கடும் நோயினின்று பிழைத்தவர்கள் இவ்வாறு நன்றி செலுத்த வருவதைத் திருப்பதியில் உள்ளவர்கள் யாவரும் அறிவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமான பெண்ணொருத்தி அப்படிகளில் கால் வைப்பதாகக் கொள்வோம். வெயிலில் காய்ந்த கல்லின் சூடு அவளுக்குத் தெரியாமற்போகலாம்; பாதத்தில் தைத்த கண்ணாடித் துண்டும் தெரியாமற்போகலாம். மலையேறி முடித்த பின்னர், இரத்தக் கறையைக் கண்டே காலில் காயம் பட்டிருப்பதை அவள் அறியக்கூடும். இவ்வுணர்வின்மைக்குக் காரணம் அவளை வாட்டிய புற்றுநோய் அன்று. அந்நோயை அழித்த மருந்தே நரம்புகளின் நுனியையும் தாக்கிவிட்டது.

இந்தியப் பெண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-ஆம் ஆண்டுக்குக் கணித்த மதிப்பின்படி, நம் நாட்டில் அவ்வாண்டில் ஏறக்குறைய 1,92,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 98,000 பேர் இறந்தனர். சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பெண்கள் முன்பு இச்சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ செல்ல நேர்ந்தது. 1993-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையம் தொடங்கப்பெற்றது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிலத்தில் டாடா அறக்கட்டளையினர் அமைத்த புற்றுநோய் மருத்துவமனை 2022-இல் திறக்கப்பட்டது. ஆகவே இப்போது பல பெண்கள் காலையில் ஊரிலிருந்து பஸ் ஏறி, மருந்தை ஏற்றிக்கொண்டு, மாலையில் வீடு திரும்ப முடிகிறது. இது பெரிய வசதி. ஆனால் மருந்தின் பின்விளைவுகள் மருத்துவமனையில் இராமல் வீட்டிலும் வயலிலும் தறியிலுமே வெளிப்படுகின்றன. அவற்றை முதலில் காண்பவர் டாக்டர் அல்லர்; கிராம சுகாதாரப் பணியாளரும், அப்பெண்ணின் குழந்தைக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியருமே.

யூ மரத்தின் பட்டையிலிருந்து

கீமோதெரபி என்று பொதுவாக வழங்கும் மருந்துச் சிகிச்சையில் பல மருந்துகள் உண்டு. மார்பகப் புற்றுநோயில் நரம்பைப் பெரிதும் தாக்குவன டாக்ஸேன் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானது பாக்ளிடாக்ஸெல்.

இம்மருந்தின் வரலாறு பள்ளி மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில், பசிபிக் யூ என்னும் மெதுவாக வளரும் ஊசியிலை மரத்தின் பட்டையைத் தாவர நிபுணர்கள் சேகரித்தனர். தாவரங்களில் புற்றுநோய் மருந்துகளைத் தேடும் பெருந்திட்டம் ஒன்றின் பகுதியாக இது நடைபெற்றது. அப்பட்டையினின்று மருந்துப் பொருளைப் பிரித்து, அதன் அணுக்கட்டமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிர மாநிலத்து நந்தூர்பாரில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் ஆவர். அது உயிரணுவினுள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1979-இல் நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் கண்டறிந்தார். அமெரிக்காவில் 1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994-இல் மார்பகப் புற்றுநோய்க்கும் இது அனுமதி பெற்றது. மரத்தின் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். ஆதலால் பிற யூ மரங்களின் இலையிலிருந்து மூலப்பொருளை எடுத்து மாற்றியமைக்கும் முறையும், தாவர உயிரணுக்களைத் தொட்டிகளில் வளர்த்து மருந்தெடுக்கும் முறையும் பின்னர் ஏற்பட்டன.

இம்மருந்து நீரில் கரைவதில்லை. எனவே ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கப்பெறும் ஒரு கரைப்பானில் அதைக் கரைத்து நரம்பூசி வழியாக ஏற்றுகின்றனர். அக்கரைப்பான் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுப்பதற்காக முன்கூட்டியே ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அந்த ஸ்டீராய்டு இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவுள்ள பெண்ணுக்கு இது ஏன் முக்கியம் என்பது பின்னர் விளங்கும்.

கடைமடை நரம்புகள்

ஒவ்வோர் உயிரணுவிலும் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழல்கள் உள்ளன. இவை நிலையாக நிற்பவை அல்ல. ஒரு முனையில் நீண்டும் குறுகியும் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பவை. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நிறக்கோல்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் கயிறுகள் இவையே. பாக்ளிடாக்ஸெல் இக்குழல்களுடன் ஒட்டி, அவற்றைக் குறுகவிடாமல் இறுகச் செய்துவிடுகிறது. கயிறு இழுபடாததால் உயிரணு பிரிய முடியாமல் மடிகிறது. புற்றுநோய் உயிரணுக்கள் விரைந்து பிரிபவை. ஆகையால் அவையே மிகுதியாக மடிகின்றன. தலைமயிரின் வேரிலுள்ள உயிரணுக்களும் விரைந்து பிரிபவையே. முடி உதிர்வதற்குக் காரணம் அதுதான். முடி காணிக்கை செலுத்தும் ஊரில் முடியிழப்பு ஓரளவு பொறுக்கப்படுகிறது என்றே சொல்லலாம். அது மீண்டும் வளர்ந்தும் விடும்.

இங்கே ஒரு கூர்மையான மாணவன் வினா எழுப்பலாம்: வளர்ந்த மனிதரின் நரம்பணுக்கள் பிரிவதில்லையே, அவற்றை இம்மருந்து ஏன் தாக்க வேண்டும்? விடை நுண்குழல்களின் மற்றொரு வேலையில் இருக்கிறது. காலின் கட்டைவிரலில் உணர்ச்சி தரும் நரம்பணுவின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து விரல்நுனி வரை அதன் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் செல்கிறது. நுனிக்கு வேண்டிய புரதங்களும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகளும் நரம்பணுவின் உடலிலிருந்தே பெரும்பாலும் அனுப்பப்படவேண்டும். அவை செல்லும் பாதை நுண்குழல்களே. மிக விரைவாகச் செல்லும் சரக்கும் அந்த ஒரு மீட்டரைக் கடக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. மருந்து இப்பாதையைச் சீர்குலைக்கிறது, மைட்டோகாண்டிரியாவையும் கெடுக்கிறது.

சித்தூர் மாவட்டம் ஏரிப்பாசன மாவட்டம். ஏரியில் தண்ணீர் குறைந்தாலும், வாய்க்காலில் மண் சேர்ந்தாலும் முதலில் வாடுவது கடைமடை வயல். மதகின் அருகிலுள்ள வயல் சில நாள் பசுமையாகவே இருக்கும். நரம்புகளின் நிலையும் அவ்வாறே. நீளமான நரம்புகளின் நுனி முதலில் வாடுகிறது. அதனால்தான் கால்விரல்களிலும் கைவிரல்நுனிகளிலும் மரமரப்புத் தொடங்கி, காலுறையும் கையுறையும் அணிந்தாற்போல் மேல்நோக்கிப் பரவுகிறது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் இரத்தத்திலிருந்து நஞ்சு புகாமல் காக்கும் ஒரு தடுப்பு இயற்கையில் உண்டு. முதுகெலும்பின் ஓரத்திலுள்ள இந்த நரம்பு முடிச்சுகளுக்கு அத்தகைய காவல் போதிய அளவில் இல்லை. மருந்து அங்கே எளிதில் நுழைந்துவிடுகிறது.

நோயாளி இதை எவ்வாறு கூறுவாள்? சுறுசுறுவென்கிறது, எறும்பு ஊர்கிறது, கால் மெத்தையில் படுவதுபோல் இருக்கிறது, இரவில் பாதம் எரிகிறது என்று பலவாறாகச் சொல்வாள். சிலருக்கு வலியே இராது. வெறும் உணர்வின்மை மட்டும் இருக்கும். இதுவே அதிக அபாயம். மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாட்களில் உடம்பெங்கும் வலி தோன்றிச் சில நாட்களில் மறைவது வேறு. அதுவும் இம்மருந்தால் வருவதே ஆயினும், விரல் மரத்துப்போதலுடன் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அளவும் இடைவெளியும்

2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் ஏறக்குறைய 5,000 பெண்கள் பங்குகொண்டனர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகப் பாக்ளிடாக்ஸெல் கொடுப்பதைக் காட்டிலும், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம் வீதம் வாரந்தோறும் 12 வாரம் கொடுப்பது நோய் திரும்பாமல் காப்பதில் மேலானது என்று அதில் கண்டனர். ஆனால் நடுத்தரமான அல்லது கடுமையான நரம்புச் சேதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்கும், வாரந்தோறும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் உண்டாயிற்று. உயிரைக் காக்கும் முறையே நரம்பை அதிகம் வருத்துகிறது. டாக்டர்களின் இக்கட்டு முழுவதும் இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது. மருந்தைக் குறைத்தால் நரம்பு பிழைக்கும். புற்றுநோய் திரும்பினால் என்ன செய்வது? மருந்தைத் தொடர்ந்தால் நோய் அடங்கும். நகரி விசைத்தறியில் அறுந்த நூலை முடிபவளும், ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணியில் எழுதுகோல் பிடிப்பவளும் விரல்நுனி உணர்வின்றி எவ்வாறு பிழைப்பை நடத்துவாள்?

மருந்து நின்ற பின்னர் பலருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்புகிறது. ஒரு பகுதியினருக்கு அது ஓராண்டுக்கு மேலும் நீடிக்கிறது. சிலருக்கு முற்றிலும் மாறுவதே இல்லை. வயது முதிர்ந்தோரும், உடல் பருத்தோரும், நீரிழிவு உள்ளோரும் அதிக அபாயத்துக்கு உட்பட்டவர்கள். தென்னிந்தியாவில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்ததே. நீரிழிவால் ஏற்கனவே நலிந்த நரம்பின்மீது இம்மருந்தும் சேர்ந்துகொண்டால் சேதம் இரட்டிக்கிறது. ஸ்டீராய்டால் சர்க்கரை உயரும் நாட்களில் அதைச் சோதித்துக் கட்டுப்படுத்துவது இதனாலேயே இன்றியமையாதது. முதல் ஊசிக்கு முன்பே பாதத்தின் உணர்வைச் சோதித்து எழுதிவைத்தால், பின்னர் வரும் மாறுதல் எதனால் வந்தது என்று பிரித்தறியலாம்.

வைட்டமின் ஊசிகளைப் பற்றி

கால் மரத்துப்போகிறது என்று சொன்ன மறுகணமே வைட்டமின் மாத்திரையோ ஊசியோ கொடுப்பது நம் நாட்டில் ஆழ வேரூன்றிய பழக்கம். இதற்கு ஒரு காரணம் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் என்னும் மருந்தும் நரம்பைக் கெடுக்கிறது. அதனுடன் பி-6 வைட்டமின் கொடுத்தால் அச்சேதம் தடுக்கப்படுகிறது. அம்மருந்து உடலில் பி-6 வைட்டமினின் வேலையைத் தடுப்பதால் அங்கே இச்சிகிச்சை பலிக்கிறது. பாக்ளிடாக்ஸெல் நரம்பைக் கெடுக்கும் வழி முற்றிலும் வேறானது. அதற்கு பி-6 மாற்று மருந்தாகும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. மாறாக, பி-6 வைட்டமினை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் அதுவே நரம்பு மரமரப்பை உண்டாக்கும். மரக்கறி உணவே உண்போரிடம் பி-12 குறைபாடு இருப்பது உண்டு. அது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் நிறைவு செய்ய வேண்டியதே. அது குறைபாட்டுக்கான சிகிச்சை, புற்றுநோய் மருந்துக்கு எதிரான கவசம் அன்று.

இன்னும் எச்சரிக்கை தரும் உதாரணம் ஒன்று உண்டு. அசிட்டைல்-எல்-கார்னிட்டின் என்னும் பொருள் நரம்பைக் காக்கும் என்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்டது. 409 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் செய்த சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தபோது, அதை உட்கொண்டவர்களுக்கே 24 வாரத்தில் நரம்புச் சேதம் மிகுந்திருந்தது கண்டு அறிஞர்கள் திகைத்தனர். வைட்டமின்-இ மீது செய்த சோதனையிலும் பயன் காணப்படவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், இந்நரம்புச் சேதத்தை வராமல் தடுப்பதற்கென்று எந்த மருந்தையும் சிபாரிசு செய்யவில்லை. கார்னிட்டினைக் கொடுக்கவே கூடாது என்று கூறிற்று. வந்துவிட்ட வலியைத் தணிப்பதற்கு மட்டும் டுலாக்ஸெடின் என்னும் மருந்து ஓரளவு பயன்படுகிறது. 231 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில் அதை உண்டவர்களுள் 59 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களுள் 38 சதவீதத்தினருக்கும் வலி குறைந்தது. வெற்று மாத்திரையாலும் இத்தனை பேருக்கு வலி குறைந்ததாகத் தோன்றுவதே, அக்கம்பக்கத்தாரின் அனுபவத்தைக் கேட்டு மருந்தை மதிப்பிடுவது எவ்வளவு பிழைபடும் என்பதைக் காட்டப் போதும்.

குளிரும் இறுக்கமும்

மருந்தால் தடுக்க இயலாததை எளிய பௌதிக முறையால் தடுக்க முடியுமா என்பதே அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சி. அதன் அடிப்படை இதுதான்: மருந்து இரத்தத்தில் மிகச் செறிவாக ஓடுவது, அதை ஏற்றும் ஒருமணி நேரத்திலும் அதையடுத்த சிறிது நேரத்திலும். அந்நேரத்தில் மட்டும் கைகால் விரல்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டால் நரம்பு நுனிகளுக்குச் சேரும் மருந்தும் குறையும். புற்றுநோய்க் கட்டி விரல்நுனியில் இல்லை. ஆகவே அங்கே மருந்து சேராததால் நஷ்டமில்லை. குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இறுக்கமும் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது.

ஜப்பானில் கியோட்டோ நகரில் செய்து 2018-இல் வெளியிட்ட சோதனை கவனிக்கத் தக்கது. வாரந்தோறும் பாக்ளிடாக்ஸெல் பெறும் 40 பெண்கள், பழக்கமான கையிலும் அப்பக்கத்துக் காலிலும் மட்டும் உறையவைத்த கையுறையும் காலுறையும் அணிந்தனர். மருந்து தொடங்குவதற்கு 15 நிமிஷம் முன்பிருந்து, முடிந்து 15 நிமிஷம் வரை, மொத்தம் 90 நிமிஷம் அவற்றை அணிந்திருந்தனர். மறுபக்கம் சும்மா விடப்பட்டது. ஒரே உடல், ஒரே மருந்து, ஒரே வயது. வேறுபாடு குளிர்ச்சி ஒன்றே. இத்தகைய சோதனையில் ஒவ்வொரு பெண்ணும் தனக்குத்தானே ஒப்பீடாக அமைகிறாள். முடிவு வரை கணக்கிடப்பெற்ற 36 பேருள், தொடுவுணர்வு குன்றியது குளிர்வித்த கையில் 27.8 சதவீதம், குளிர்விக்காத கையில் 80.6 சதவீதம். காலில் அவை முறையே 25 சதவீதமும் 63.9 சதவீதமும் ஆகும்.

குளிர்ச்சியின்றி இறுக்கம் மட்டும் கொடுக்கும் முறைக்கு வேண்டுவது அறுவைச் சிகிச்சை அறையில் உபயோகிக்கும் சாதாரண ரப்பர் கையுறையே. அளவில் சற்றுச் சிறியதாக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அணிவிக்கின்றனர். ஜெர்மனியில் 122 பெண்களிடம் இவ்விரு முறைகளையும் சோதித்து 2025-இல் வெளியிட்டனர். நடுத்தரம் அல்லது அதற்கு மேற்பட்ட நரம்புச் சேதம், குளிர்வித்த கைகளில் 29 சதவீதமும் அதே பெண்களின் குளிர்விக்காத கைகளில் 50 சதவீதமும் காணப்பட்டது. இறுக்கிய கைகளில் 24 சதவீதம்; இறுக்காத கைகளில் 38 சதவீதம். சிங்கப்பூரில் குளிர்ந்த நீர்மத்தைக் குழாய் வழியே சுற்றச் செய்து, உடன் அழுத்தமும் தரும் கருவியை ஆராய்ந்துள்ளனர்.

இம்முடிவுகளை அளவோடு மதிக்க வேண்டும். தன் கை குளிர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. அதனால் அவளுடைய விடையில் நம்பிக்கையும் கலக்க இடமுண்டு. சோதனைகள் சிறியவை, எல்லாவற்றிலும் ஒரே வகையான பயன் காணப்படவும் இல்லை. எனினும் ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020-இல் இவ்விரண்டையும் பரிசீலிக்கத் தக்கவை என்று சேர்த்துக்கொண்டது. கையுறை இரண்டு ஜோடியின் விலை மருந்தின் விலைக்கு முன் ஒரு பொருட்டே அன்று. பயன் நிச்சயமில்லை என்று சும்மா இருப்பதைவிட, முறைப்படி மேற்கொள்வதே அறிவுடைமை எனத் தோன்றுகிறது.

முறைப்படி என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் திருப்பதியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. குளிர்சாதன வசதி குறைந்த அறையில் உறையவைத்த கையுறை விரைவில் இளகிவிடும். பாதி நேரத்தில் மாற்றுவதற்கு இரண்டாவது ஜோடி தயாராக இருக்க வேண்டும். உறைந்த பொருளைத் தோலின்மேல் நேரே வைக்கலாகாது. மெல்லிய பருத்தித் துணி இடையே இருக்க வேண்டும். பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்து, யாரிடமும் சொல்லாமல் விரல்களில் வைத்துக்கொள்வது தோலைக் கருக்கிவிடக்கூடும். ஏற்கனவே மரத்த விரல் அதை உணர்த்தவும் செய்யாது. குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலம் பாரிக்கும் இயல்புடையவர்களுக்கும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் குளிர்ச்சி கூடாது. அக்குளில் நெறிக்கட்டி அகற்றப்பட்ட பக்கத்தில் கை வீங்கும் இயல்பிருந்தால், மணிக்கட்டை நெரிக்கும் கையுறையை டாக்டரைக் கேளாமல் மாட்டலாகாது. மருந்து ஏறும் கையில் குழாய் மடங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அல்லாமல் குடற்புற்றுக்குக் கொடுக்கப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மருந்து குளிர் பட்டாலே விரல்களில் குத்தலை உண்டாக்கும் இயல்புடையது. ஒருவருக்குச் சொன்ன முறையைப் பக்கத்துப் படுக்கையிலுள்ளவர் பார்த்துப் பின்பற்றுவது ஏன் தவறு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சொல்லாமல் மறைப்பது

இத்தனை முறைகளிலும் மேலானது டாக்டருக்கு உரிய காலத்தில் செய்தி எட்டுவதே. விரல் மரத்துப்போவது ஆறாவது வாரத்தில் தெரியவந்தால், அளவைக் குறைக்கலாம். ஒரு வாரம் தள்ளலாம். நரம்பைக் குறைவாகத் தாக்கும் டோசிடாக்ஸெல் போன்ற மருந்துக்கு மாறலாம். பன்னிரண்டாவது வாரத்தில் தெரிந்தால் செய்வதற்கு ஏதுமில்லை. ஆயினும் பெண்கள் பலர் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று ஒருத்தி அஞ்சுகிறாள். இதற்குமேல் மருந்து வேண்டாம் என்று வேறொருத்தி சொல்லாமலே வருவதை நிறுத்திவிடுகிறாள். முதலாமவள் நரம்பை இழக்கிறாள்; இரண்டாமவள் உயிரையே பணயம் வைக்கிறாள். அளவை மாற்றுவது சிகிச்சையைக் கைவிடுவதாகாது என்பதை இருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கை மரத்திருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே விடை வரும். அன்றாட வேலையை வைத்துக் கேட்பதே நன்று. கோலமாவை விரலிடுக்கில் பிடித்து இழை விட முடிகிறதா? புடவைத் தலைப்பில் ஊக்குக் குத்த முடிகிறதா? அரிசியில் கல் பொறுக்கும்போது கல் விரலுக்குத் தெரிகிறதா? செருப்பு காலிலிருந்து கழன்றதைப் பார்க்காமலே உணர முடிகிறதா? இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம் உண்டா? கடைசி இரண்டுக்கும் ஐயமான விடை வந்தால் அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவிப்பது நலம். பள்ளியில் படிக்கும் மகளே தாயின் இந்த மாறுதல்களை முதலில் கவனிப்பவளாக இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளலாம்.

உணர்விழந்த காலைப் பேணும் கலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை என்று நிறுவினார். வலி தெரியாததால் அவர்கள் சூட்டுப்புண்ணையும் கீறலையும் கவனியாமல் விட, அவை அழுகியே விரல்கள் அழிந்தன. உறக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியாமற்போனவர்கள் உண்டு. மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பும், நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்தே பரவின. தொழுநோய்ப் பணியில் பயிற்சி பெற்ற களப் பணியாளர்கள் பேனா முனையால் தொட்டு உணர்வு சோதிக்கும் முறையை நன்கு அறிவர். அதே சோதனை இங்கும் உதவும்.

புற்றுநோய் மருந்தால் உணர்விழந்த பெண்ணும் அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியின்றித் தொடலாகாது. குளிக்கும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். அல்லது வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் குதிகால் பட்டையுள்ள, அடி மிருதுவான செருப்பு வேண்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையை விட்டுப் பாராமல் கவிழ்த்துத் தட்டிக் கண்ணால் பார்க்க வேண்டும், கையும் மரத்திருக்கக்கூடுமாகையால். வீட்டில் இரவு விளக்கு ஒன்று எரிவது விழாமல் காக்கும்.

மலைப்படியை வெறுங்காலுடன் ஏறும் வேண்டுதலைப் பொறுத்தமட்டில், பாதத்தில் உணர்வு திரும்பும் வரை அதைத் தள்ளிவைக்கும்படி குடும்பத்தாரைக் கொண்டு சொல்வது பலன் தரும். தள்ளிவைக்க மனமில்லாதவளுக்கு, வெயிலுக்கு முன் விடியற்காலையில் புறப்படவும், தடித்த பருத்திக் காலுறை அணியவும், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் கூறலாம். வழியில் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் அத்துணையாள் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு உட்பட இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவளால் அதை உணர முடியாது.